குக்கீயில் ஒரு பொருளை மாற்றிப் போட்டபின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து முடித்த பிறகுதான் முட்டை தீர்ந்துபோனது தெரியவரும். இல்லையென்றால் பேக்கிங் பவுடர் டப்பாவின் அடியில் ஒரு சிட்டிகைதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் இருப்பதைப் போட்டு ஒப்பேற்றுவோம். சில தடவை நன்றாகவே வந்துவிடும். பல தடவை தட்டு முழுக்க ஒரே தகடாகப் பரவியோ, பல் பதியாத அளவுக்கு இறுகியோ வெளியே வரும். அப்படி வந்த பிறகு என்ன செய்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"முட்டைக்குப் பதில் இது, வெண்ணெய்க்குப் பதில் அது" என்ற பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே நம்பி இறங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குக்கீக்குள் போகும் எந்தப் பொருளும் ஒரே ஒரு வேலையைச் செய்வதில்லை. முட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கு தண்ணீர், அதனால் மாவுக்கு ஈரம் கிடைக்கிறது. வெள்ளைக்கரு சூட்டில் இறுகி வடிவத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மஞ்சள் கரு கொழுப்பைக் கொடுப்பதோடு, வெண்ணெயும் தண்ணீரும் பிரிந்துபோகாமல் சேர்த்துவைக்கிறது. பதிலுக்குத் தயிரைப் போட்டால் ஈரம் வந்துவிடும். மற்ற வேலைகளைப் பார்க்க ஆள் இருக்காது. எந்த வேலை விட்டுப்போனது என்பதை வெந்த குக்கீயைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரே ஒரு குக்கீ

பொருளை மாற்றிப் போட்ட நாளில் தட்டு நிறைய உருண்டைகளை வைத்து ஓவனுக்குள் தள்ளாதீர்கள். 20 அல்லது 25 கிராம் மாவை உருட்டி, நன்றாகச் சூடேறிய ஓவனில், 180 டிகிரி செல்சியஸில், அந்த ஒன்றை மட்டும் சுட்டுப் பாருங்கள். மீதி மாவு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

கண்ணாடிக் கதவு வழியாக அதைக் கவனிப்பது அலுப்பான வேலை இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் உருண்டையின் மேல்புறம் மினுமினுக்கத் தொடங்கும். உள்ளே வெண்ணெய் இளகுகிறது என்று அர்த்தம். அப்புறம் அடிப்பாகம் மெல்லச் சாய்ந்து வட்டம் அகலும். ஏழு எட்டு நிமிடத்தில் ஓரத்தின் மினுமினுப்பு போய் மங்கலாகும். ஓரம் இறுகிவிட்டது, இனி பரவாது. நடுப்பகுதியும் அப்படி மங்கலாகும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கொழுப்பு இளகுவதற்கும் ஓரம் இறுகுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் குக்கீ பரவும். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த இடைவெளி நீண்டுபோனதால் அல்லது குறுகிப்போனதால் வருபவை.

எடுத்தவுடன் தீர்ப்புச் சொல்லவேண்டாம். சூடாக இருக்கும்போது எல்லாக் குக்கீயும் மெத்தென்றுதான் இருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, உடைத்துப் பார்த்து, பிறகு கீழே உள்ள அறிகுறிகளுக்கு வாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: பச்சை மாவை ருசி பார்க்கவேண்டாம். முட்டை போடாத மாவாக இருந்தாலும் சரி. வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம்.

தட்டு முழுக்கப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். காரணமும் பெரும்பாலும் கொழுப்புதான். வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் போலத் தண்ணீர். எண்ணெயும் நெய்யும் கிட்டத்தட்ட முழுக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்குப் பதிலாக 100 கிராம் எண்ணெய் ஊற்றினால் 20 கிராம் கொழுப்பு கூடுதலாகப் போய்விடுகிறது. அதுவும் ஓவனில் இளகவேண்டிய கொழுப்பு இல்லை. ஏற்கெனவே இளகி நிற்பது. அதனால் முதல் நிமிடத்திலேயே பரவத் தொடங்கிவிடும்.

சரியான கணக்கு இது: 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் அல்லது நெய், கூடவே ஒரு டேபிள்ஸ்பூன் பால் அல்லது தண்ணீர். ஏற்கெனவே கூடுதலாக ஊற்றிவிட்டீர்கள் என்றால் மாவு சேர்ப்பதைத் தவிர வழியில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் சேருங்கள், கலந்து பத்து நிமிடம் விடுங்கள், இன்னொரு குக்கீ சுட்டுப் பாருங்கள். ஒரேயடியாக அள்ளிப் போட்டால் மறுபக்கம் போய்விடும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெண்ணெய்க்கும் நெய்க்கும் அது உண்மை. முக்கால் மணி நேரம் குளிர்ந்தால் கொழுப்பு உறைந்து, ஓவனில் இளக நேரம் எடுத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போன்ற சிலவற்றைத் தவிர, சமையல் எண்ணெய் அந்தக் குளிரில் உறைவதில்லை. எண்ணெய் மாவை அரை மணி நேரம் வைப்பதில் ஒரு பயன் உண்டு: மாவு ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் கெட்டிப்படும். அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம்.

டப்பாவில் வரும், ரொட்டியில் தடவுவதற்கான கொழுப்புக் குறைந்த மார்ஜரினைப் போட்டிருந்தால் கோளாறு கொழுப்பில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அத்தகைய சிலவற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். டப்பாவில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 80-க்கு அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 60-க்குக் கீழே என்றால் குக்கீக்கு அது வேண்டாம் என்பேன்.

வெண்ணெய் இருந்தும் பரவுகிறதா? அது அளவுக்கு மீறி இளகியிருக்கலாம். 32 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குள் வெண்ணெய் உருகிவிடும். விரல் வைத்தால் பள்ளம் விழவேண்டும், விரலில் வழியக்கூடாது. சர்க்கரைக்குப் பதில் தேன் போட்டிருந்தாலும், முட்டைக்குப் பதில் பாலை ஊற்றியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அவற்றுக்கும் மருந்து ஒரு ஸ்பூன் மாவுதான்.

பரவி வெளியே வந்துவிட்ட குக்கீயைக்கூட முதல் ஒரு நிமிடத்துக்குள் காப்பாற்றலாம். குக்கீயைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து, தட்டோடு ஒட்டியபடி மெல்லச் சுழற்றுங்கள். சூடான ஓரம் உள்ளே ஒதுங்கி வட்டமாகிவிடும், கொஞ்சம் தடிமனும் கூடும். ஆறிவிட்டால் உடையும்.

உருண்டையாக வைத்தது உருண்டையாகவே நிற்கிறது

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டால் பெரும்பாலும் இப்படி ஆகும். தவிடு தண்ணீரை நிறைய இழுத்துக்கொள்ளும், அதுவும் மெதுவாக. பிசையும்போது பதம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, அரை மணி நேரத்தில் வறண்டுவிடும். ஒன்றிரண்டு டீஸ்பூன் பால் சேர்த்து, 20 நிமிடம் மூடிவைத்துப் பிறகு பதத்தைப் பாருங்கள். முதல் தடவை மாற்றுகிறவர்கள் பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொரு காரணம் சர்க்கரை. இனிப்பு குறையட்டும் என்று சர்க்கரையைக் குறைப்பவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று: ஓவன் சூட்டில் சர்க்கரை கரைந்து பாகாகிவிடும். அந்தப் பாகுதான் குக்கீயை அகல வைக்கிறது. பாதியாகக் குறைத்தால் வருவது இனிப்புக் குறைந்த குக்கீயாக இருக்காது, காய்ந்த பன் மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கும். கால் பங்குக்கு மேல் குறைக்கவேண்டாம். பொடித்த ஐசிங் சர்க்கரை போட்டிருந்தாலும் பரவல் குறையும். கடையில் கிடைப்பதில் கட்டிபிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சோள மாவு கலந்திருப்பார்கள். ஐசிங் சர்க்கரையைக் கப் கணக்கில் அளக்காமல் எடை போட்டே சேருங்கள். 200 கிராம் சாதாரணச் சர்க்கரை ஒரு கப்பில் அடங்கும். அதே எடை ஐசிங் சர்க்கரைக்கு ஒன்றேமுக்கால் கப்புக்கும் சற்றுக் குறைவாக ஆகும்.

மாவு ஏற்கெனவே தயார், சேர்க்க ஒன்றும் இல்லை என்றால், தம்ளர் அடியால் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு அழுத்திவிட்டுச் சுடுங்கள். தானாகப் பரவாததைக் கையால் பரப்பிவிடுவதில் ஒரு தப்பும் இல்லை.

கேக் மாதிரி உப்பி மெத்தென்று இருக்கிறது

முட்டைக்குப் பதில் தயிரோ மசித்த வாழைப்பழமோ போட்டிருப்பீர்கள். ஒரு பெரிய முட்டை, ஓடு நீக்கினால், 50 கிராம் இருக்கும். பட்டியல்களில் அதற்கு 60 கிராம், அதாவது கால் கப், தயிர் அல்லது பழம் என்று போட்டிருக்கும். கேக்குக்கு அந்த அளவு பொருந்தும். குக்கீக்கு அது அதிகம் என்பது என் அனுபவம். நான் 30 முதல் 40 கிராமுக்கு மேல் போடுவதில்லை. வாழைப்பழம் போட்டால் என்ன செய்தாலும் குக்கீ வாழைப்பழ வாசனையாகத்தான் இருக்கும், அது பிடித்தால் போடலாம்.

சமையல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டாலும் இப்படித்தான் உப்பும், நிறமும் வெளுத்திருக்கும். சோடா மாவின் புளிப்பைக் குறைத்துவிடும், அதனால் குக்கீ அகலவும் சிவக்கவும் உதவுகிறது. பவுடரில் அதற்கான அமிலமும் சேர்ந்தே இருப்பதால் அந்த வேலை நடப்பதில்லை. ருசிக்கு ஒன்றும் குறையில்லை. உருண்டைகளைக் கொஞ்சம் தட்டையாக அழுத்திச் சுட்டால் போதும்.

தொட்டால் உதிர்கிறது

பிணைப்பவர் யாரும் உள்ளே இல்லை. முட்டை இல்லாத மாவில் இது சாதாரணம். எனக்குப் பிடித்த தீர்வு ஆளிவிதை. ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். முதலில் தண்ணீர் தனியாக, பொடி தனியாக நிற்கும். ஐந்து நிமிடத்தில் குழகுழப்பாகும். பத்தாவது நிமிடம் ஸ்பூனைத் தூக்கினால் வெள்ளைக்கரு மாதிரி இழையாக இறங்கும். அந்த இழை வந்தால்தான் ஒரு முட்டைக்கு அது ஈடு. பொடிக்காத முழு விதையில் இந்தக் குழகுழப்பு முழுதாக வராது, அரைத்துத்தான் ஆகவேண்டும். இதற்கு முட்டையைப்போலச் சூட்டில் இறுகும் குணம் கிடையாது, பிணைக்க மட்டும் செய்யும். ஆகவே குக்கீயைத் தட்டிலேயே முழுதாக ஆறவிட்டுப் பிறகு எடுங்கள்.

நெய் போட்டு, முட்டையும் போடாமல் செய்தாலும் உதிரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே நெய், முட்டை உள்ள மாவில் பரவலை உண்டாக்கும். முட்டை இல்லாத மாவில் மணல் மாதிரி உதிர வைக்கும். வெண்ணெயோடு வரவேண்டிய தண்ணீர் வரவில்லை, முட்டையிலிருந்தும் வரவில்லை, மாவுக்கு ஈரமே இல்லை. ஒரு டேபிள்ஸ்பூன் பால் தெளித்துப் பிசைந்தால் பிடிமானம் வந்துவிடும்.

அரிசி மாவு, ஓட்ஸ் மாவு, பாதாம் மாவு போன்றவற்றில் கோதுமையின் பசை, அதாவது குளூட்டன், இல்லை. ஓட்ஸ் மாவும் அரிசி மாவும் தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளிழுக்கும். அரை மணி நேரம் ஊறவிடுங்கள், இல்லையென்றால் நறநறக்கும். பாதாம் மாவு கொட்டைப் பருப்பு என்பதைச் சாப்பிடுகிறவர்களிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கடியே ஆபத்தாகலாம், பார்த்தால் அது சாதாரணக் குக்கீ மாதிரிதான் இருக்கும்.

ஆறியதும் கல்லாக இறுகுகிறது

பழுப்புச் சர்க்கரை கேட்ட இடத்தில் வெள்ளைச் சர்க்கரை போட்டால் இது நடக்கும். பழுப்புச் சர்க்கரை என்பது மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு, கலந்த சர்க்கரைதான். அந்த மொலாசஸில் இருக்கும் தண்ணீரும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான் குக்கீயின் நடுப்பகுதியை மிருதுவாக வைக்கின்றன. 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரு டேபிள்ஸ்பூன் மொலாசஸைக் கலந்தால் பழுப்புச் சர்க்கரை தயார். மொலாசஸ் இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் தேன். ருசி வேறாக இருக்கும், மிருதுத்தன்மை வரும்.

மாவில் சேர்க்க நேரம் தாண்டிவிட்டது என்றால், சுடும் நேரத்தில் ஒன்றரை நிமிடம் குறையுங்கள். வெள்ளைச் சர்க்கரைக் குக்கீ ஆறும்போது இறுகும் அளவு அதிகம். ஏற்கெனவே இறுகிப்போனவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியோடு போட்டு இரவு முழுக்க மூடிவையுங்கள். காலையில் ரொட்டி காய்ந்திருக்கும், குக்கீ மென்மையாகியிருக்கும்.

வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

தேன் அளவு கூடிவிட்டது. தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் சர்க்கரையைவிட வேகமாகச் சிவக்கும். ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன் என்பது கணக்கு, ஆனால் குக்கீயில் சர்க்கரை முழுவதையும் தேனாக மாற்றுவது நல்லதில்லை. பாதியோடு நிறுத்துங்கள். ஓவனை 15 டிகிரி குறைத்து, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த குக்கீ வேண்டாம். ஓவனில் சுட்டாலும் அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் சாவதில்லை.

கசக்கிறது, சோப்பு மாதிரி ஒரு வாடை

பேக்கிங் பவுடர் இல்லை என்று அதே அளவு சமையல் சோடா போட்டிருக்கிறீர்கள். சோடாவின் வீரியம் பவுடரைப்போல மூன்று நான்கு மடங்கு. தன்னைச் செலவழிக்கப் போதுமான அமிலம் மாவில் கிடைக்காவிட்டால் மிச்ச சோடா அப்படியே தங்கி, அந்தக் கசப்பைக் கொடுக்கும். குக்கீயும் சீக்கிரமே கருஞ்சிவப்பாகிவிடும்.

ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குக் கால் டீஸ்பூன் சோடாவும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரும் போதும். மறுபக்கமாக, ஒரு டீஸ்பூன் சோடாவுக்கு மூன்று டீஸ்பூன் பவுடர். கோகோ போடும் குக்கீயில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். சாதாரணக் கோகோவில் புளிப்பு உண்டு, சோடா அதனோடு வினைபுரியும். டச்சு முறையில் பதப்படுத்திய கோகோவில் அந்தப் புளிப்பை எடுத்திருப்பார்கள். சாதாரணக் கோகோவுக்குப் பதில் இதைப் போட்டால் சோடா சரியாக வேலை செய்யாமல் நிற்கும்.

சோடா கூடிப்போன மாவுக்கு நான் நம்பும் மருந்து ஒன்றுதான்: சோடா இல்லாமல் இன்னொரு பங்கு மாவைப் பிசைந்து, இரண்டையும் ஒன்றாகக் கலப்பது. எலுமிச்சைச் சாறு விட்டுச் சமாளிக்கப் பார்த்திருக்கிறேன். கசப்போடு புளிப்பும் சேர்ந்ததுதான் மிச்சம்.

எழும்பவே இல்லை என்றால் பழைய பவுடராக இருக்கலாம். வெந்நீரில் அரை டீஸ்பூன் போடுங்கள். உடனே சளசளவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது. சோடாவுக்கு வெந்நீர்ச் சோதனை போதாது, வினிகர் சொட்டுகள் விட்டுப் பார்க்கவேண்டும்.

வெளுப்பாக, ருசியே இல்லாமல் இருக்கிறது

வெளுப்புக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக வைப்பதே போதும். சப்பென்று இருந்தால் உப்பைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். உப்பு வெண்ணெய்க்குப் பதில் உப்பில்லாத வெண்ணெய் போட்டவர்கள் 100 கிராமுக்குக் கால் டீஸ்பூன் உப்பைச் சேர்க்க மறந்திருப்பார்கள். சுட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்த தட்டில் ஒவ்வொரு உருண்டை மேலும் கொஞ்சம் உப்புத் தூளைத் தூவுங்கள். வெனிலா இல்லாதது ஒரு குறையே இல்லை. எலுமிச்சையின் மஞ்சள் தோலைத் துருவிப் போட்டால் மணமாக இருக்கும், வெள்ளைப் பகுதி வரை துருவினால் கசக்கும்.

சாக்லேட் உருகிக் குளமாக நிற்கிறது

சிப்ஸ் இல்லாமல் சாக்லேட் கட்டியை நறுக்கிப் போட்டிருக்கிறீர்கள். இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1930-களில் இந்த வகைக் குக்கீயை உருவாக்கியபோது நறுக்கிய கட்டிச் சாக்லேட்டைத்தான் போட்டார். சிப்ஸ் என்று தனியாக விற்பனைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சிப்ஸில் கோகோ வெண்ணெய் குறைவு, அதனால் வடிவம் மாறாமல் நிற்கும். கட்டியில் அது அதிகம், அதனால் உருகிப் பரவும். பெரிய துண்டாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் நறுக்கி, நறுக்கும்போது உதிரும் தூளைத் தனியே ஒதுக்கிவிட்டால் குளம் கட்டாது.

இரண்டு அறிகுறிகள் சேர்ந்து வந்தால்

பரவவும் செய்கிறது, ஆறியபின் கல்லாகவும் ஆகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு பொருள்களை மாற்றியிருப்பீர்கள். பரவலை முதலில் சரிசெய்யுங்கள், அதற்கு ஒரு சோதனைக் குக்கீ. பிறகு இறுக்கத்துக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தினால் எது பலித்தது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே குழப்பம் திரும்ப வரும். சேர்த்த ஸ்பூன் கணக்கைச் செய்முறைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

எதுவும் தேறாத தட்டை மிக்ஸியில் பொடித்துவிடலாம். 200 கிராம் பொடிக்கு 80 கிராம் உருகிய வெண்ணெய் கலந்து, தட்டில் அழுத்தி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிர்ந்த இனிப்புகளுக்கு நல்ல அடித்தளம். உதிர்ந்தது, இறுகியது, பரவியது எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். சோடா கசப்பு ஏறியதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், வெண்ணெயும் வீணாகிவிடும்.